மேலே நிலம், கீழே பாறை: இரு டகோட்டாக்களின் இருவேறு விடைகள்

1889 நவம்பர் 2 அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பெஞ்சமின் ஹாரிசன், டகோட்டா என்ற ஒரே ஆட்சிப்பகுதியை வடக்கு, தெற்கு என இரண்டு மாநிலங்களாக்கும் ஆவணங்களில் கையெழுத்திட்டார். எது முதலில் பிறந்தது என்று பின்னால் யாரும் சண்டை போடக் கூடாது என்பதற்காகத் தாள்களைக் கலைத்து, மாநிலத்தின் பெயர் தெரியாதபடி மறைத்துவிட்டே கையெழுத்துப் போட்டார்.

மண், பனி, பயிர், அரசியல் சாய்வு என எதைப் பார்த்தாலும் இந்த இரு மாநிலங்களுக்கும் நெருங்கிய ஒற்றுமை உண்டு. இரண்டிலும் குடியரசுக் கட்சியின் கையே ஓங்கியிருக்கிறது. இருந்தும் ஒரே நிறுவனத்தின் ஒரே திட்டத்துக்கு, மூன்று மாதத்துக்குள், இரண்டும் நேர் எதிரான விடைகளைத் தந்தன. 2024 டிசம்பர் 12 அன்று வடக்கு டகோட்டாவின் தொழில் ஆணையம் கரியமில வாயுவை நிலத்தடிப் பாறைக்குள் செலுத்திச் சேமிக்க அனுமதி அளித்தது. ஒப்புக்கொள்ளாத நில உரிமையாளர்களின் பங்கும் அந்த ஆணைக்குள் அடங்கியது. 2025 மார்ச் 6 அன்று தெற்கு டகோட்டாவின் ஆளுநர் லாரி ரோடன், கரியமில வாயுக் குழாய்க்காக யாருடைய நிலத்தையும் கட்டாயமாக எடுக்கக் கூடாது என்ற சட்டத்தில் கையெழுத்திட்டார்.

பொது நன்மை என்ற பெயரில் ஒரு தனியார் நிறுவனம் அடுத்தவர் நிலத்தை அவருடைய சம்மதம் இல்லாமல் பயன்படுத்தலாமா? கார்பன் சேமிப்புத் திட்டங்கள் எங்கெல்லாம் போகின்றனவோ அங்கெல்லாம் இந்தக் கேள்வியும் கூடவே போகும். இரு டகோட்டாக்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பது விடை தேட நல்ல வழி. இழப்பீடு சம்மதத்துக்கு ஈடாகாது என்பதும், கண்ணுக்குத் தெரியும் நிலத்தைக் காத்த அளவுக்குக் கண்ணுக்குத் தெரியாத பாறையை மக்களாட்சி இன்னும் காக்கவில்லை என்பதும் இந்த ஒப்பீட்டில் தெளிவாகின்றன.

திட்டமும் அதன் பணமும்

சம்மிட் கார்பன் சொல்யூஷன்ஸ் அயோவா மாநிலத்தின் ஏம்ஸ் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனம். 2021இல் அது முன்வைத்த திட்டம் அயோவா, நெப்ராஸ்கா, மினசோட்டா, இரு டகோட்டாக்கள் என ஐந்து மாநிலங்களில் பரவியது. பின்னர் விரிந்த வடிவில், ஏறத்தாழ 2,500 மைல் நீளத்துக்குக் குழாய் பதித்து 57 எத்தனால் ஆலைகளை இணைத்து, அவை வெளியிடும் கரியமில வாயுவை வடக்கு டகோட்டாவின் பிஸ்மார்க் நகருக்கு வடமேற்கே கொண்டுபோய்ப் புதைப்பது நோக்கம். அங்கே ஆலிவர், மெர்சர், மார்ட்டன் என்ற மூன்று கவுன்ட்டிகளின் அடிப்பாறைகள் தேர்வாயின. மக்காச்சோளத்தைப் புளிக்கவைத்து எத்தனால் எடுக்கும்போது வெளியேறும் வாயு ஏறக்குறையத் தூய கரியமில வாயு. அனல்மின் நிலையத்தின் புகையிலிருந்து பிரித்தெடுப்பதைவிட இதைப் பிடிப்பது மலிவு. அதனால்தான் முதல் பெரிய முயற்சி எத்தனால் ஆலைகளைத் தேடிவந்தது.

ஆண்டுக்கு 1.8 கோடி டன் வரை புதைக்கலாம் என்று நிறுவனம் கணக்கிட்டது. 2022இல் இயற்றப்பட்ட பணவீக்கக் குறைப்புச் சட்டத்தின்படி, நிலத்தடியில் நிரந்தரமாகச் சேமிக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் 85 டாலர் வரிச் சலுகை 12 ஆண்டுகளுக்குக் கிடைக்கும். முழுக் கொள்ளளவில் இயங்கினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 150 கோடி டாலர். காலநிலையைக் காக்கும் திட்டம் இது என்பதோடு, பெரும் பணம் புழங்கும் திட்டமும் இதுதான். அந்தப் பணம் வருவதற்குத் தேவையான பாதையும் பாறையும் மற்றவர்களின் நிலத்தில் இருக்கின்றன. ஆனால் எத்தனால் ஆலைகளில் பங்கு வைத்திருப்பவர்களும் விவசாயிகளே. குறைந்த கார்பன் எரிபொருளுக்கு நல்ல சந்தை வந்தால் மக்காச்சோளத்துக்கும் விலை கிடைக்கும் என்று அவர்களில் பலர் நம்பினார்கள். எனவே விவசாயிகளுக்கும் நிறுவனத்துக்கும் நடந்த வழக்கு என்று மட்டும் இதைச் சுருக்கிவிட முடியாது. விவசாயிகளே இரு அணியாக நின்றார்கள்.

தெற்கு: வேலிக்குள் வந்த அளவையாளர்கள்

தெற்கு டகோட்டாவில் எடுக்கப்பட இருந்தது மேல்நிலம். ஏறத்தாழ 50 அடி அகலத்தில் வயலின் குறுக்கே ஓடும் ஒரு பட்டை. நிலம் விவசாயியின் பெயரிலேயே இருக்கும். அந்தப் பட்டையில் குழாய் பதிக்கவும் பராமரிக்கவும் நிறுவனத்துக்கு நிரந்தர உரிமை கிடைக்கும். அதன்மேல் வீடோ கொட்டகையோ கட்ட முடியாது. பதிக்கும்போது மேல்மண்ணும் அடிமண்ணும் கலந்துவிட்டால் விளைச்சல் பழைய நிலைக்குத் திரும்பப் பல பருவங்கள் ஆகும். கையெழுத்திட்டவர்களுக்கு நிறுவனம் பணம் கொடுத்தது. கையெழுத்திடாத பலர்மீது 2023இல் நில எடுப்பு வழக்குத் தொடுத்தது.

பணத்தைவிடப் பாதுகாப்பைப் பற்றிய அச்சம் பெரிதாக இருந்தது. 2020 பிப்ரவரி 22 அன்று மிசிசிப்பி மாநிலத்தின் சட்டார்ஷியா ஊருக்கு அருகே, கனமழையால் மண் சரிந்து ஒரு கரியமில வாயுக் குழாய் வெடித்தது. காற்றைவிடக் கனமான அந்த வாயு தரையோடு தவழ்ந்து ஊருக்குள் புகுந்தது. ஆக்சிஜன் கிடைக்காமல் வண்டிகளின் எஞ்சின்கள் நின்றன. தப்பியோட வண்டி ஏறியவர்கள் வழியிலேயே மயங்கினார்கள். ஏறத்தாழ 200 பேர் வெளியேற்றப்பட்டார்கள், 45 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். யாரும் சாகவில்லை என்றாலும், குழாய் வரவிருந்த ஊர்களிலெல்லாம் சட்டார்ஷியா என்ற பெயர் பேச்சில் நிலைத்துவிட்டது.

அளவையாளர்கள் சம்மதமின்றி வயலுக்குள் நுழைந்ததுதான் கோபத்தை மூட்டியது. ஆயுதம் ஏந்திய காவலர்களுடன் வந்தார்கள் என்று நில உரிமையாளர்கள் குற்றஞ்சாட்டினார்கள். வழக்கு மாநில உச்ச நீதிமன்றம்வரை போயிற்று. 2024 ஆகஸ்டில் வந்த தீர்ப்பு இரண்டு விஷயங்களைச் சொன்னது. அளவை என்ற பெயரில் மேலோட்டமான ஆய்வுக்குத்தான் அனுமதி, ஆழமாகத் துளையிட அனுமதி இல்லை என்பது ஒன்று. கட்டாய நில எடுப்பு அதிகாரம் எல்லார் சரக்கையும் கூலிக்கு ஏற்றிச் செல்லும் பொதுப் போக்குவரத்து நிறுவனங்களுக்கு உரியது; புதைக்கப்படும் வாயு விற்பனைச் சரக்குதானா என்பதையும், சம்மிட் அத்தகைய நிறுவனம்தானா என்பதையும் அது நிறுவவில்லை என்பது மற்றொன்று. யாரும் வாங்காத, யாரும் பயன்படுத்தாத, மண்ணுக்குள் போடுவதற்காகவே கொண்டுசெல்லப்படும் ஒன்றைப் பொதுப் பயன்பாட்டுச் சரக்கு என்று சொல்லிவிட முடியுமா என்று நீதிமன்றம் கேட்டது. வழக்கின் போக்கையே அந்தக் கேள்வி மாற்றியது.

நீதிமன்றத்துக்கு வெளியே வாக்காளர்களும் செயலில் இறங்கினார்கள். குழாய்ப் பாதையில் கவுன்ட்டிகளின் அதிகாரத்தைக் குறைக்கும் சட்டமொன்றை 2024இல் சட்டமன்றம் நிறைவேற்றியிருந்தது. அதில் நில உரிமையாளர்களுக்குச் சில பாதுகாப்புகளும் சேர்க்கப்பட்டிருந்தன. மக்கள் கையெழுத்துத் திரட்டி அந்தச் சட்டத்தைப் பொது வாக்கெடுப்புக்குக் கொண்டுவந்தார்கள். நவம்பர் 5 தேர்தலில் ஏறத்தாழ 59 சதவீதத்தினர் அதை நிராகரித்தார்கள். அதற்கு முன்பே, ஜூன் மாத உட்கட்சித் தேர்தலில் ஒரு டஜனுக்கும் மேற்பட்ட குடியரசுக் கட்சி உறுப்பினர்கள் தொகுதியை இழந்திருந்தார்கள். அப்படி மாறிய சட்டமன்றம்தான் மார்ச் மாதத் தடைச் சட்டத்தை இயற்றியது. ஏப்ரலில் மாநிலப் பொதுப் பயன்பாட்டு ஆணையம் சம்மிட்டின் விண்ணப்பத்தை இரண்டாம் முறையாகத் தள்ளுபடி செய்தது.

வடக்கு: மணற்கல்லின் நுண்துளை யாருடையது?

வடக்கு டகோட்டாவில் பிரச்சினை ஒரு மைல் ஆழத்துக்கு இறங்குகிறது. அங்கே புரூம் கிரீக் என்று நிலவியலாளர்கள் பெயரிட்ட மணற்கல் அடுக்கு ஒன்று இருக்கிறது. பாறைக்குள் சேமிப்பு என்றதும் பலரும் பெரிய குகையைக் கற்பனை செய்துகொள்கிறார்கள். அங்கே அப்படி எதுவும் இல்லை. மணல் நிரம்பிய படியில் தண்ணீர் ஊற்றினால் மணலின் அளவு ஏறாமலே தண்ணீர் உள்ளே இறங்கிவிடும் அல்லவா, அதுபோல மணற்கல்லின் துகள்களுக்கு நடுவே உள்ள இடைவெளிகளில் வாயு நுழைகிறது. அந்த இடைவெளிகளில் இப்போது இருப்பது குடிக்கவோ பாய்ச்சவோ உதவாத உப்புநீர். அவ்வளவு ஆழத்தின் அழுத்தத்திலும் வெப்பத்திலும் கரியமில வாயு ஏறக்குறைய நீர்மம்போல் அடர்ந்து, உப்புநீரைத் தள்ளிக்கொண்டு பக்கவாட்டில் பரவும். மேலே உள்ள இறுகிய பாறையடுக்கு அதை ஏறவிடாமல் தடுக்கும்.

இந்தத் துளைவெளிக்குச் சொந்தக்காரர் யார் என்ற கேள்விக்கு அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்கள் யோசிக்கத் தொடங்கும் முன்பே, 2009இல், வடக்கு டகோட்டா விடை எழுதியது. மேல்நிலம் யாருடையதோ துளைவெளியும் அவருடையது. இரண்டையும் பிரித்து விற்க முடியாது. எண்ணெய், நிலக்கரி உரிமைகளை மேல்நிலத்திலிருந்து பிரித்து விற்றதால் தலைமுறை தலைமுறையாக வழக்குகளில் சிக்கிய மாநிலம் கற்ற பாடம் அது.

அதே ஆண்டின் இன்னொரு சட்டம் நேர் எதிர்த்திசையில் போனது. சேமிப்புப் பகுதியின் துளைவெளியில் 60 சதவீதத்துக்கு உரிமையாளர்கள் சம்மதித்துவிட்டால், மீதிப் பேரின் துளைவெளியையும் தொழில் ஆணையம் திட்டத்தோடு இணைத்துவிடலாம். நிறுவனம் எல்லாரிடமும் நல்லெண்ணத்தோடு பேசிப் பார்த்திருக்க வேண்டும், இசையாதவர்களுக்கும் நியாயமான இழப்பீடு கிடைக்க வேண்டும் என்பவை நிபந்தனைகள். 60 சதவீதம் என்பது தலைக்கணக்கில் வராது, பரப்பளவில்தான் கணக்கு. பெரும் நிலக்காரர்கள் சிலர் கையெழுத்திட்டாலே அந்த அளவை எட்டிவிடலாம். சிறு நிலக்காரர்கள் பலர் எதிர்த்தும் பயனில்லாமல் போகலாம். சம்மிட்டைப் பொறுத்தவரை 90 சதவீதத்துக்கும் மேலான துளைவெளி ஒப்பந்தமாகியிருந்தது. மீதி இருந்ததை ஆணையம் சேர்த்துக்கொடுத்தது.

வடக்கில் நில உரிமையாளர்கள் கைகட்டி நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். துளைவெளியை நிறுவனங்கள் இழப்பீடின்றிப் பயன்படுத்த வழிசெய்த ஒரு சட்டத்தை 2019இல் சட்டமன்றம் கொண்டுவந்தபோது நில உரிமையாளர் சங்கம் வழக்குத் தொடுத்தது. 2022 ஆகஸ்டில் மாநில உச்ச நீதிமன்றம், துளைவெளியும் சொத்துதான், ஈடு கொடுக்காமல் அதைப் பறிப்பது அரசமைப்புச் சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. கண்ணால் காண முடியாத ஒரு இடைவெளிக்கு வயலுக்கு நிகரான தகுதி அன்று கிடைத்தது.

நேருக்கு நேர்

முதல் வேறுபாடு, முடிவெடுப்பவர் யார் என்பது. தெற்கில் நிறுவனம் ஒவ்வொரு நிலத்துக்கும் தனித்தனியே நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. தன் தேவை பொதுப் பயன்பாடுதான் என்று நிறுவ வேண்டிய சுமையும் அதன்மேல் விழுந்தது. வடக்கில் ஆளுநர், தலைமை வழக்கறிஞர், வேளாண்மை ஆணையர் என்ற மூவர் கொண்ட ஆணையம் ஒரே விசாரணையில் முழுப் பரப்பையும் இணைத்துவிடுகிறது. மூவரும் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களே. ஆனால் கார்பன் தொழிலை மாநிலத்தில் வளர்க்கும் பொறுப்பும் அதே ஆட்சியின் கையில் இருக்கிறது. ஒரு தொழிலை வளர்ப்பவரே அந்தத் தொழிலுக்காக இழப்பவரின் வழக்கையும் கேட்பது நல்ல ஏற்பாடு ஆகாது.

அளவையைப் பற்றிய தீர்ப்புகள் இரண்டாவது வேறுபாடு. 2024 மே மாதம் வடக்கின் உச்ச நீதிமன்றம் சம்மிட்டின் அளவை நுழைவு சொத்துப் பறிப்பாகாது என்றது. மூன்று மாதம் கழித்துத் தெற்கு அதே நுழைவுக்குக் கடிவாளம் போட்டது. இரண்டு நீதிமன்றங்களும் தத்தம் மாநிலச் சட்டத்தின் சொற்களைத்தான் படித்தன. வடக்கின் சட்டமே கரியமில வாயுக் குழாயைப் பொதுப் பயன்பாடுகளின் பட்டியலில் பெயர் சொல்லிச் சேர்த்திருந்தது. தெற்கில் அப்படி ஒரு வரி இல்லை. நிலத்தின் காவல் சட்டத்தில் எழுதப்பட்டிருக்கும் ஒரு வரியைப் பொறுத்து மாறுகிறது என்பதை இந்த இரண்டு தீர்ப்புகளும் காட்டுகின்றன.

மூன்றாவது, எடுக்கப்படும் பொருளின் தன்மை. வடக்கின் சட்டத்துக்கு ஆதரவான வலுவான வாதம் இங்கேதான் இருக்கிறது, அதை நேர்மையாகச் சந்திக்க வேண்டும். குழாயை ஒரு வயலைச் சுற்றிக்கொண்டு போகச் செய்யலாம். பாறைக்குள் செலுத்திய வாயுவுக்கு எந்த வேலியும் தெரியாது. நடுவில் ஒரே ஒருவர் மறுத்தாலும், சம்மதித்த அத்தனை பேரின் பாறையும் பயனற்றுப் போகலாம்; அந்த ஒருவர் மறுப்பையே விலையாக்கவும் முடியும். எண்ணெய் வயல்களில் இதே காரணத்துக்காகத்தான் கட்டாய இணைப்பு வந்தது. கூட்டு இணைப்பே கூடாது என்று சொல்வது அதனால் தீர்வாகாது. எத்தனை பேர் சம்மதித்தால் இணைக்கலாம் என்பதே உண்மையான கேள்வி. இண்டியானா 70 சதவீதம் கேட்கிறது. இல்லினாய் 2024இல் 75 சதவீதம் என்று வைத்தது. அவற்றோடு ஒப்பிட்டால் வடக்கு டகோட்டாவின் 60 சதவீதம் குறைந்த அளவுகோல்தான்.

நான்காவது, காலம். வாயு செலுத்துவது நின்று குறைந்தது பத்து ஆண்டுகள் கழிந்து நிபந்தனைகள் நிறைவேறினால், சேமிப்பிடமும் அதிலுள்ள வாயுவும் அவற்றுக்கான பொறுப்பும் வடக்கு டகோட்டா அரசுக்கு மாறும். நிறுவனம் திவாலானாலும் பொறுப்பேற்க ஒருவர் இருப்பார் என்பது இதன் நன்மை. வரிச் சலுகையின் லாபம் தனியாருக்கும், நூற்றாண்டுகளுக்கான பொறுப்பு பொதுமக்களுக்கும் என்று பங்கு பிரிவது இதன் கோளாறு. நிறுவனங்கள் டன் கணக்கில் செலுத்தும் கட்டணத்தால் ஒரு நிதி உருவாகிறது என்றாலும், அந்த நிதி எத்தனை தலைமுறைக்குத் தாங்கும் என்பது திறந்த கேள்வியே.

வேறுபாட்டின் வேர்

ஒரே மண்ணில் பிறந்த இரு மாநிலங்கள் இப்படிப் பிரிந்ததற்கு நிலவியலே முதல் காரணம். 1951இல் டயோகா ஊருக்கு அருகே எண்ணெய் கிடைத்ததிலிருந்து வடக்கு டகோட்டா பாறையைத் தொழிலாகப் பார்த்துப் பழகிய மாநிலம். கிணறு, குத்தகை, உரிமப்பங்கு, கட்டாய இணைப்பு என்பவை அங்கே சமையலறையிலும் புழங்கும் சொற்கள். பியூலா ஊரின் நிலக்கரி ஆலையிலிருந்து கனடாவின் எண்ணெய் வயலுக்குக் கரியமில வாயு குழாய்வழியே 2000ஆம் ஆண்டு முதல் போய்க்கொண்டிருக்கிறது. நிலத்தடிச் சேமிப்புக் கிணறுகளுக்குத் தானே அனுமதி வழங்கும் அதிகாரத்தை 2018இல் அமெரிக்காவிலேயே முதலாவதாகப் பெற்ற மாநிலமும் அதுதான். அங்கே இந்தத் திட்டம் ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்த பாதையில் வைத்த அடுத்த அடி.

தெற்கு டகோட்டாவுக்கு அந்தப் பழக்கம் இல்லை. திட்டப்படி அதன் பாறையில் சேமிப்பும் நடக்க இருக்கவில்லை. குழாய் அதன் வழியே கடந்து போவதாக இருந்தது. ஆபத்தும் இடைஞ்சலும் தனக்கு, சேமிப்பின் வருமானம் பக்கத்து மாநிலத்துக்கு என்று அங்குள்ளவர்கள் உணர்ந்தார்கள். எதிர்ப்பும் எளிதில் திரண்டது. வயலில் நடும் அளவைக் கொடியை யாரும் பார்க்கலாம், படம் பிடிக்கலாம், கூட்டத்தில் காட்டலாம். ஒரு மைல் ஆழத்தில் உப்புநீர் நகர்வதைக் கண்டு கொதித்தெழ யாராலும் முடியாது. சட்டத்தின் பாதுகாப்பு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் இழப்புகளையே பின்தொடர்கிறது என்பது இந்த ஒப்பீட்டில் எனக்குக் கவலையளிக்கும் உண்மை.

தெற்கின் வெற்றியிலும் ஒரு குறை உண்டு. தடைச் சட்டம் கரியமில வாயுக் குழாயை மட்டும் தடுக்கிறது. கச்சா எண்ணெய்க் குழாய்க்கு நிலம் எடுக்கும் அதிகாரம் அப்படியே இருக்கிறது. 2016இல் உலகின் கவனத்தை ஈர்த்த டகோட்டா ஆக்சஸ் எண்ணெய்க் குழாய் இந்த இரு மாநிலங்கள் வழியாகவே போகிறது. ஒருவரின் நில உரிமை குழாய்க்குள் ஓடுவது எது என்பதைப் பொறுத்து மாறக் கூடாது. புவியைச் சூடாக்கும் எண்ணெய்க்கு ஒரு நீதி, சூட்டைத் தணிக்க வந்த திட்டத்துக்கு இன்னொரு நீதி என்றால் அது கொள்கையின் வெற்றி ஆகாது. ஒரு குறிப்பிட்ட போராட்டத்தின் வெற்றியாக நின்றுவிடும்.

இந்த நிலத்தில் சம்மதம் பற்றிய பேச்சு 2021இல் தொடங்கியதல்ல என்பதையும் மறக்கலாகாது. 1868இன் லாரமி கோட்டை ஒப்பந்தம் பிளாக் ஹில்ஸ் மலைகளைச் சூ பழங்குடி மக்களுக்கு உறுதிசெய்தது. தங்கம் கிடைத்ததும் 1877இல் அமெரிக்க நாடாளுமன்றம் அந்த மலைகளைப் பறித்தது. அது இழப்பீடு தர வேண்டிய பறிப்பே என்று 1980இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. வட்டியோடு பத்து கோடி டாலருக்கும் அதிகமான தொகை ஒதுக்கப்பட்டது. சூ மக்கள் அதை வாங்க மறுத்துவிட்டார்கள். வாங்காமலே வளர்ந்த அந்தத் தொகை நூறு கோடி டாலரைத் தாண்டிவிட்டது. விலை கொடுத்துவிட்டால் சம்மதம் வந்துவிடும் என்ற கணக்குக்கு டகோட்டா நிலத்திலேயே கிடைத்த மிகப் பழைய மறுப்பு அது.

எது ஏற்கத்தக்கது?

காற்றில் சேர்ந்துவிட்ட கரியமில வாயுவைக் குறைக்கும் வழிகளில் பாறைக்குள் சேமிப்பதும் ஒன்று. அதை முற்றாக ஒதுக்குவது பொறுப்பான நிலைப்பாடு என்று நான் கருதவில்லை. ஆனால் ஆயிரம் ஆண்டுகள் அமைதியாக இருக்க வேண்டிய ஒன்றை மேலே வாழும் மக்களைப் பகைத்துக்கொண்டு புதைக்க முடியாது. கிணறுகளைக் கண்காணிப்பதும், கசிவு வந்தால் சொல்வதும், அடுத்த தலைமுறைக்கு எச்சரிக்கையைக் கொண்டுசேர்ப்பதும் அங்கே குடியிருப்பவர்கள்தான்.

இரு மாநிலங்களிலும் எடுத்துக்கொள்ளத் தகுந்தது இருக்கிறது. வடக்கின் தெளிவு தேவை: துளைவெளி யாருடையது என்று முன்கூட்டியே எழுதிவைத்த சட்டம், அதை நிலத்திலிருந்து பிரிக்க முடியாது என்ற காவல், அரசு ஏற்கும் நீண்டகாலப் பொறுப்பு. தெற்கின் உறுதியும் தேவை: பொதுப் பயன்பாடு என்று நிறுவும் சுமை நிறுவனத்தின்மேல், கடைசிச் சொல் வாக்காளரிடம். இரண்டையும் சேர்த்தால் ஐந்து விதிகள் கிடைக்கின்றன. குழாய்க்கு, அதில் எது ஓடினாலும், தனியார் லாபத்துக்காகக் கட்டாய நில எடுப்பு கூடாது. பாறைக்குள் கூட்டு இணைப்பு தவிர்க்க முடியாத இடத்தில் சம்மதத்தைப் பரப்பளவில் மட்டுமன்றித் தலைக்கணக்கிலும் அளக்க வேண்டும். அளவுகோல் குறைந்தது 75 சதவீதமாக இருக்க வேண்டும். மறுத்தவருக்குக் கையெழுத்திட்டவர்களில் அதிகம் பெற்றவருக்கு நிகரான பங்கு தர வேண்டும், அதையும் ஒரே தடவையில் முடித்துவிடாமல் வாயு செலுத்தும் காலம் முழுதும் தர வேண்டும். இணைப்பு ஆணையைத் தொழிலை வளர்க்கும் அமைப்பு பிறப்பிக்கக் கூடாது, நீதிமன்றம் பிறப்பிக்க வேண்டும்.

இவை திட்டங்களைத் தாமதப்படுத்தும் என்பது உண்மை. சம்மிட்டின் வரலாறு அதற்கான விடையையும் தருகிறது: பாறைக்குள் சேமிக்க அனுமதி கையில் கிடைத்தது, பாதை வழியில் நின்றவர்களின் நம்பிக்கை கிடைக்கவில்லை, வாயு நகரவில்லை. சம்மதம் பெறச் செலவாகும் காலத்தை வீண் தாமதமாகக் கருதும் நிறுவனங்களும் அரசுகளும், கட்டாயப்படுத்தியதால் இழந்த காலத்தையும் அதே கணக்கில் எழுதிப் பார்க்க வேண்டும்.